வாயில் சீழ் என்றாலே கே12.2 தானா?

கேள்வி: வணக்கம் மேடம். பி.பார்ம் முடித்துவிட்டு சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனத்தில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் எழுதிய நோயையும் சிகிச்சையையும் குறியீட்டு எண்ணாக, அதாவது கோடாக, மாற்றுகிற வேலை. எனக்கு வருவது அமெரிக்க மருத்துவமனைகளின் எமர்ஜென்சி சார்ட்டுகள், அதாவது நோயாளிப் பதிவுகள். போன வாரம் ஒரே சார்ட்டில் மூன்று எரர் வாங்கிவிட்டேன். 34 வயது ஆண். வலது பக்கக் கீழ்ப்பல்லில் நான்கு நாளாக வலி, கன்னம் வீங்கியிருக்கிறது. பரிசோதனைக் குறிப்பில், 30-ஆம் எண் பல்லில் சொத்தை, ஈறில் அமுக்கினால் தளதளவென்று வீக்கம், நாக்குக்கு அடிப்பகுதி மெத்தென்று இயல்பாக இருக்கிறது, சைனஸ் பகுதியில் வலி இல்லை என்று இருந்தது. பெனிசிலின் அலர்ஜி என்பதால் கிளிண்டாமைசின் கொடுத்து, ஈறைக் கீறிச் சீழை எடுத்திருக்கிறார்கள். நோய் என்று டாக்டர் கடைசியில் எழுதியது 'டென்டல் ஆப்செஸ்' (பல் சீழ்க்கட்டி) மட்டும். நான் கே12.2 (வாய்ச் சீழ்), எல்03.211 (முகத்தில் செல்லுலைட்டிஸ் என்ற பரவும் தொற்று), கே08.89 (பல் வலி) என்று மூன்று கோட் போட்டேன். எங்கள் வேலையைச் சரிபார்க்கும் ஆடிட்டர் மூன்றையும் நீக்கிவிட்டு கே04.7 (பல் வேர்ச் சீழ்) மட்டும் வைத்தார். "கே12.2-வும் கே04.7-உம் எப்போதும் சேர்ந்து வராது, எக்ஸ்க்ளூட்ஸ் குறிப்பைப் பார்" என்று கமெண்ட் வேறு. ஒரு கோடுக்குள் அடங்காதவற்றைச் சொல்லும் புத்தகக் குறிப்பு அது. கே12.2-இன் தலைப்பே வாயில் வரும் செல்லுலைட்டிஸும் ஆப்செஸும்தானே? பல் வாயில்தானே இருக்கிறது? மறுப்பு எழுதலாமா? இப்போதெல்லாம் பல் சார்ட் வந்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சார்ட்டை இவ்வளவு விவரமாக நினைவில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். அக்கறையாகத்தான் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

முதலில் நேரடியான பதில். கோட் விஷயத்தில் ஆடிட்டர் சொன்னது சரி. அந்த சார்ட்டுக்கு நோய்க் கோட் கே04.7 தான். ஆனால் அவர் எழுதிய காரணம் தவறு. கே12.2-வும் கே04.7-உம் சேர்ந்து வரலாம், வருகிற சார்ட்டுகள் உண்டு. அதோடு அவரும் ஒன்றை விட்டிருக்கிறார். பெனிசிலின் அலர்ஜிக்கு இசட்88.0 போட்டிருக்க வேண்டும். டாக்டர் மருந்தை மாற்றியதே அந்த அலர்ஜியால்தான். ஆக, மறுப்பு எழுதலாம். என்ன எழுதுவது என்று கடைசியில் சொல்கிறேன்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. பல் வாயில்தானே இருக்கிறது என்று கேட்டீர்கள். சீழ் கடைசியில் எங்கே தெரிகிறது என்பதை வைத்து யோசித்திருக்கிறீர்கள். நாம் பார்க்கும் அமெரிக்க நோய்க் கோட் புத்தகமான ஐசிடி-10-சிஎம் பெரும்பாலும் அது எங்கே கிளம்பியது என்பதைக் கேட்கிறது. வாய் சார்ட் எது வந்தாலும், புத்தகத்தைத் திறக்கும் முன் 'இந்தச் சீழ் எதில் கிளம்பியது?' என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பல் வேரிலா, ஈறிலா, உமிழ்நீர்ச் சுரப்பியிலா, வாயின் மெல்லிய சதையிலா, வெளித்தோலிலா? ஐந்துக்கும் ஐந்து வேறு வேறு இடத்தில் கோட் இருக்கிறது.

பல்லில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயமாகவே இருக்காது. சொத்தை முதலில் எனாமலை அரிக்கிறது, அப்புறம் உள்ளே இருக்கும் டென்டினை. அதையும் தாண்டினால் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் பல்ப். அங்கே அழற்சி வந்தால் பல்பைட்டிஸ், கே04.0. பல்ப் செத்துப்போனால் கே04.1. கிருமி வேரின் நுனித் துளை வழியாக இறங்கி, வேரைச் சுற்றியுள்ள திசுவைத் தாக்கினால் கே04.4. அங்கே சீழ் கட்டினால் கே04.7. கே04 என்ற அந்த ஒரு பிரிவை மேலிருந்து கீழே படித்தாலே, ஒரு பல் எப்படிக் கெட்டுப்போகிறது என்ற கதையையும் கிட்டத்தட்ட வரிசையாகப் படித்துவிடலாம். புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான் பலகையில் படம் போட்டுத்தான் காட்டுவேன். ஒருமுறை படத்தில் பார்த்துவிட்டால் பல பேருக்கு அப்புறம் குழப்பம் வருவதில்லை.

வேர் நுனியில் கட்டிய சீழ் அங்கேயே இருக்காது. எலும்பு எங்கே மெல்லியதாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வழி தேடும். உங்கள் நோயாளிக்கு ஈறுப் பக்கம் வந்து தளதளவென்று நின்றிருக்கிறது. கன்னம் வீங்கியதும் அதனால்தான். பார்க்கிறவர் கண்ணுக்கு வாயில் ஒரு கட்டி, முகத்தில் ஒரு வீக்கம், பல்லில் ஒரு வலி என்று மூன்றாகத் தெரிகிறது. நீங்களும் மூன்று கோட் போட்டீர்கள். உள்ளே இருப்பது ஒரே நோய்.

புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலான இண்டெக்ஸும் அதைத்தான் சொல்கிறது. 'ஆப்செஸ்' என்ற சொல்லுக்குக் கீழே 'டென்டல்' என்று பாருங்கள், கே04.7-க்கு அனுப்பும். 'டூத்' என்று பார்த்தாலும் அங்கேதான் போகும். 'மவுத்' என்று பார்த்தால் மட்டுமே கே12.2. டாக்டர் எழுதியது டென்டல் ஆப்செஸ், நீங்கள் தேடியது மவுத் ஆப்செஸ். டாக்டர் எழுதிய சொல்லை நாமே மனதில் இன்னொரு சொல்லாக மாற்றிக்கொண்டு தேடுவது கோடர்களிடம் நான் அதிகம் பார்க்கிற பழக்கம். கோட் தேடும் மென்பொருளான என்கோடரில் இரண்டு எழுத்து தட்டியதும் வருகிற முதல் வரியை எடுத்துக்கொள்வதால் இது இன்னும் கூடியிருக்கிறது.

அடுத்தது சைனஸ். கே04.6 என்றால் சைனஸோடு கூடிய பல் வேர்ச் சீழ், கே04.7 என்றால் சைனஸ் இல்லாதது. இங்கே சைனஸ் என்பது மூக்குப் பக்கத்து அறை அல்ல. வேர் நுனியிலிருந்து ஈறு வரைக்கும், சில சமயம் வெளித்தோல் வரைக்கும், சீழ் தானே துளைத்துக்கொண்டு வருகிற வழி. டாக்டர்கள் இதை ஃபிஸ்டுலா என்றோ, டிரெய்னிங் டிராக்ட் என்றோ எழுதுவார்கள். உங்கள் சார்ட்டில் 'சைனஸ் பகுதியில் வலி இல்லை' என்று இருந்தது மூக்கு சம்பந்தப்பட்ட பரிசோதனை. அதற்கும் இந்தக் கோடுக்கும் தொடர்பே இல்லை. 'சைனஸ் டெண்டர்னஸ் இருக்கிறது' என்று எழுதியிருந்ததை வைத்து ஒருவர் கே04.6 போட்டதை நானே ஆடிட்டில் பார்த்திருக்கிறேன். டாக்டர் கத்தி வைத்துக் கீறிய துளையும் சைனஸ் ஆகாது. அது தானாக உண்டான வழியாக இருக்க வேண்டும்.

ஈறில் கட்டி என்றதும் கே05.21-க்கு ஓடவும் கூடாது. அது பெரியடான்டல் ஆப்செஸ். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடுக்கில், பல்லைத் தாங்கும் திசுவில் கிளம்புகிற சீழ். பல் சொத்தையே இல்லாமல் கூட வரும். இண்டெக்ஸில் ஈறு ஆப்செஸ் என்று தேடினால், குறிப்பிட்ட இடத்தில் வரும் பெரியடான்டைட்டிஸ் பக்கம் திருப்பிவிடும். ஆனால் டாக்டர் 'கம்பாயில்' என்று எழுதியிருந்தால் இண்டெக்ஸ் கே04.7-க்குத்தான் அனுப்பும், ஏனென்றால் அது வேரிலிருந்து ஈறுக்கு வந்த கொப்புளம். பெயரில் ஈறு இருக்கிறது, ஆரம்பம் வேரில் இருக்கிறது. கே05.21-க்கு ஆறாவது எழுத்து வரை போக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று டாக்டர் எழுதாவிட்டால் கே05.219. எமர்ஜென்சி டாக்டர்கள் இந்தத் தீவிரத்தை எழுதுவது அபூர்வம்.

இப்போது எக்ஸ்க்ளூட்ஸ். இதில்தான் ஆடிட்டர் தவறியிருக்கிறார். கே12.2-இன் கீழே உமிழ்நீர்ச் சுரப்பிச் சீழ், நாக்குச் சீழ், பல் வேர்ச் சீழ், பெரியடான்டல் சீழ், டான்சிலைச் சுற்றிய சீழ் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலின் தலைப்பு எக்ஸ்க்ளூட்ஸ்2. எக்ஸ்க்ளூட்ஸ்1 என்றால் இரண்டையும் சேர்த்துப் போடாதே என்று அர்த்தம். எக்ஸ்க்ளூட்ஸ்2 என்றால், அந்த நோய் இந்தக் கோடுக்குள் அடங்கவில்லை, நோயாளிக்கு இரண்டுமே தனித்தனியாக இருந்தால் இரண்டையும் போடு என்று அர்த்தம். உதாரணத்துக்கு, '31-ஆம் பல்லில் பெரிஏபிகல் ஆப்செஸ் (வேர் நுனிச் சீழ்), அதோடு சப்மேன்டிபுலர் ஸ்பேஸ் ஆப்செஸ்' என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். சீழ் வேரை விட்டு வெளியேறித் தாடைக்குக் கீழே உள்ள இடத்தில் தனியாகக் கட்டிவிட்டது. அப்போது கே04.7, கே12.2 இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் நோயாளி எவ்வளவு மோசமான நிலையில் வந்தார் என்பதே பதிவில் இருக்காது. உங்கள் சார்ட்டில் இருந்தது ஒரே சீழ்தான், அதனால் ஒரே கோட். எக்ஸ்க்ளூட்ஸ் குறிப்பு தடுத்ததால் அல்ல.

இதே குடும்பத்தில் உண்மையான எக்ஸ்க்ளூட்ஸ்1 வேண்டுமென்றால் கே05.2-இன் கீழே பாருங்கள். அங்கே கே04.6-உம் கே04.7-உம் இருக்கும். ஒரே பல்லில் ஒரே சீழை வேர் என்றும் சொல்லி ஈறு என்றும் சொல்ல முடியாது. வேறு வேறு பல்லில் சம்பந்தமே இல்லாத இரண்டு நோய் என்று தெளிவாக இருந்தால் மட்டும் கைட்லைனில் விலக்கு உண்டு.

மற்ற இரண்டு எரர்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கே08.89 பல் வலி. சீழ் கட்டிய பல் வலிக்காமல் இருக்குமா? நோயோடு கூடவே வருகிற அறிகுறியைத் தனியாகப் போடுவதில்லை. எல்03.211 முகத்தில் செல்லுலைட்டிஸ். அந்தச் சொல் உங்கள் சார்ட்டில் எங்கேயும் இல்லை. வீக்கம் என்றுதான் இருக்கிறது. வீக்கத்தைச் செல்லுலைட்டிஸ் என்று முடிவு செய்ய டாக்டருக்கு உரிமை உண்டு, நமக்கு இல்லை. 'டென்டல் ஆப்செஸ் வித் ஃபேஷியல் செல்லுலைட்டிஸ்' என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு கோடும் தாராளமாகப் போகலாம். எல்03.211 என்பது, தோல் வரைக்கும் தொற்று பரவியது, நிலைமை தீவிரம் என்று அந்த மனிதரின் பதிவில் எழுதிவைக்கிற சொல். நாமாக அதைச் சேர்க்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

பல் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு இது தடுக்கும். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை நேராக எண்ணுகிறார்கள். 30 என்றால் வலது கீழ் முதல் கடைவாய்ப்பல். நம் ஊர் பல் டாக்டர் அதை 46 என்று எழுதுவார். 1, 16, 17, 32 நான்கும் ஞானப்பற்கள். இந்த எண் கே04 கோடுக்குள் எங்கேயும் போகாது, இடம் வலம் என்ற பிரிவும் அங்கே இல்லை. ஆனால் எண் தெரிந்தால் கதை புரியும். கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் வேர் நுனிகள், வாயின் அடித்தளத்தைத் தாங்கும் மைலோஹையாய்டு தசை ஒட்டியிருக்கும் கோட்டுக்குக் கீழே வரை இறங்கியிருக்கும். அதனால் அந்தப் பற்களின் சீழ் எலும்பை உடைத்தால் தாடைக்குக் கீழே போய்த் தேங்குகிறது. முன்னால் இருக்கும் பற்களின் சீழ் அந்தத் தசைக்கு மேலே, நாக்குக்கு அடியில் போகிறது. 17, 18, 31, 32 என்ற எண்களைப் பார்த்தால் கழுத்துப் பரிசோதனைக் குறிப்பை இன்னொரு முறை படியுங்கள்.

இதைச் சொல்லும்போது லுட்விக்ஸ் ஆஞ்சைனாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1836-இல் வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் வான் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நோய். நாக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் தொற்று பரவி, நாக்கு மேலே தூக்கி, மூச்சுக்குழாய் அடைபடும். பெரும்பாலும் ஆரம்பம் ஒரு கீழ்க் கடைவாய்ப்பல். ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முந்தைய காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். உங்கள் சார்ட்டில் டாக்டர் 'நாக்குக்கு அடிப்பகுதி மெத்தென்று இருக்கிறது' என்று எழுதியதே, இது லுட்விக்ஸ் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். நாம் வேகமாகத் தாண்டிப்போகிற வரி அது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில், ஐசிடி-9 என்ற பழைய பதிப்பின் காலத்தில், லுட்விக்ஸ் ஆஞ்சைனா என்று டாக்டர் எழுதியிருந்த சார்ட்டுக்கு 413.9 போட்டேன். அது நெஞ்சுவலிக்கு உரிய இதய நோய்க் கோட். ஆஞ்சைனா என்ற சொல்லைப் பார்த்தேன், மேலே படிக்கவில்லை. போட வேண்டியது 528.3. எனக்கு மூத்த ஒரு அக்கா சார்ட்டை என் மேசைக்கே கொண்டுவந்து, "இந்தப் பையனுக்கு 22 வயசு. நாளைக்கு இவன் இன்சூரன்ஸ் எடுக்கப் போனா, இதயக் கோளாறுன்னு பதிவுல இருக்கும். நீ போட்டது" என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2015 அக்டோபர் 1-இல் அமெரிக்கா ஐசிடி-10-க்கு மாறிய பிறகும் பொறி அப்படியேதான் இருக்கிறது. இண்டெக்ஸில் ஆஞ்சைனா என்ற முதல் வரி ஐ20.9. அதற்குக் கீழே உள்ளடங்கி லுட்விக்ஸ் என்ற வரியில்தான் கே12.2 இருக்கிறது. வின்சென்ட்ஸ் ஆஞ்சைனா ஏ69.1. இரண்டுமே வாய் நோய்கள், இதயத்துக்குச் சம்பந்தம் இல்லை.

'லுட்விக்ஸ் ஆக இருக்கலாம்' என்று எழுதி எமர்ஜென்சியிலிருந்தே வேறு மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தால்? அட்மிட் ஆகாதவர்களுக்கான அவுட்பேஷன்ட் விதிப்படி, இருக்கலாம், சந்தேகம், ரூல் அவுட் போன்ற சொற்களோடு வருகிற நோயைப் போடக் கூடாது. உறுதியாக எழுதியிருப்பதை, அல்லது வீக்கம், விழுங்கச் சிரமம் என்ற அறிகுறிகளைப் போட வேண்டும். அதே நோயாளி அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜ் சமயத்திலும் 'ப்ராபபிள் லுட்விக்ஸ்' என்றே இருந்தால், இன்பேஷன்ட் மருத்துவமனைக் கோடிங்கில் அதை உறுதியான நோய் போலவே போடலாம். நீங்கள் இப்போது எமர்ஜென்சியில் இருக்கிறீர்கள், நாளை இன்பேஷன்டுக்கு மாறினால் இந்த ஒரு விதியில்தான் முதலில் தடுமாறுவீர்கள். அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. டயபெட்டிஸுக்குக் கீழே 'வித்' என்ற பட்டியலில் பெரியடான்டல் நோய் நேரடியாகவே இருக்கிறது. அதனால் டாக்டர் இரண்டுக்கும் தொடர்பு எழுதாவிட்டாலும், மறுக்காதவரை, டைப் 2 என்றால் இ11.630 என்று இணைத்துப் போடுகிறோம். பல் வேர்ச் சீழுக்கு அப்படி வரி இல்லை. 'வாயின் பிற சிக்கல்கள்' என்று பொதுவாக இ11.638 இருக்கிறது, ஆனால் அது எதையும் போட்டு நிரப்புகிற பெட்டி. அந்த மாதிரிப் பொதுவான வரிகளுக்குத் தொடர்பை நாமே ஊகிக்க முடியாது, டாக்டர் எழுத வேண்டும். எழுதாவிட்டால் டயபெட்டிஸைத் தனியாகவும் கே04.7-ஐத் தனியாகவும் போடுங்கள்.

பல் பிடுங்கிய இடத்தில் இரண்டு நாள் கழித்துச் சீழ் என்று வந்தாலும் இதே கவனம்தான். அறுவைச் சிகிச்சையால் வந்த தொற்று என்ற டி81.4 வகைக் கோடுக்கு, பல் பிடுங்கியதால்தான் இது வந்தது என்று டாக்டர் தொடர்புபடுத்தி எழுதியிருக்க வேண்டும். நாள் கணக்கை மட்டும் பார்த்து நாம் ஒரு பல் டாக்டர்மேல் பழி போட்டுவிடக் கூடாது. டிரை சாக்கெட் என்று எழுதியிருந்தால் அது வேறு, எம்27.3.

இதைப் படிப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறங்கள். நாக்கு நுனியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே, இங்கே சீழ் வந்தால் என்ன கோட் என்று சொல்லிப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம், கே12.2. அதே கன்னத்தின் வெளித்தோல், எல்02.01. உதடு, கே13.0. நாக்கு, கே14.0. நாக்குக்கு அடித்தளம், கே12.2. ஆனால் அங்கேயே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் சீழ் என்றால் கே11.3. மேலே அண்ணத்தைத் தொடுங்கள். பின்பக்கம் மெதுவாக இருக்கும் இடம் கே12.2, முன்பக்கம் கெட்டியாக இருக்கும் இடம் எம்27.2, ஏனென்றால் அங்கே எலும்பு இருக்கிறது, தாடை எலும்பு நோய்களோடு போய்விடுகிறது. இன்னும் பின்னால் போனால் டான்சிலைச் சுற்றிய சீழ், ஜே36. அது மூச்சு மண்டல அத்தியாயத்துக்கே போய்விட்டது. ஐந்து நிமிடம் ஆகும். ஒரு வாரம் தினமும் செய்தால் போதும். நான் பயிற்சி கொடுத்தவர்களில் இதைச் செய்தவர்கள் வாய்ப் பகுதியில் மிகக் குறைவாகத்தான் எரர் வாங்கினார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் புதிய புத்தகம் வரும், இப்போது ஏப்ரலிலும் மாற்றம் வருகிறது, எனவே அந்தந்த வருடப் புத்தகத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையாகத் தயிர் படிந்தது போல வருகிற கேண்டிடா தொற்று பி37.0, ஹெர்பிஸால் வரும் ஈறு வாய்ப்புண் பி00.2. இவை இரண்டிலும் சீழ் வேலை இல்லை, டாக்டர்கள் பெயரையே எழுதிவிடுவார்கள், சிக்கல் வராது. கல்ச்சரில் என்ன கிருமி என்று டாக்டர் எழுதியிருந்தால் பி95 முதல் பி97 வரை உள்ள கோடைக் கூடுதலாகச் சேருங்கள். லேப் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நீங்களாகச் சேர்க்காதீர்கள். கே05, கே12 பிரிவுகளின் தலைப்பில் புகையிலை, மதுப் பழக்கத்துக்குக் கூடுதல் கோட் சேர்க்கச் சொல்லும் குறிப்பு உண்டு, அது தலைப்பில் இருப்பதால் பலர் கண்ணில் படுவதே இல்லை.

சிகிச்சைக் கோடையும் நோய்க் கோடையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். உங்கள் சார்ட்டில் ஈறைக் கீறி, பல்லைச் சார்ந்த பகுதியிலிருந்து சீழை எடுத்திருக்கிறார்கள், அதற்கு 41800. கன்னத்தின், உதட்டின் உள்பக்கச் சதையில் எடுத்தால் 40800. வெளித்தோலில் என்றால் 10060. 41800-க்குப் பக்கத்தில் முகத் தோல் செல்லுலைட்டிஸை முதல் நோயாக வைத்து அனுப்பினால், தோலில் நோய் இருக்கும்போது ஈறை ஏன் கீறினார்கள் என்று இன்சூரன்ஸ் தரப்பில் கேட்பார்கள். டினையல், அதாவது பணம் தர மறுப்பு, வருகிற வழிகளில் இதுவும் ஒன்று.

நோய் எழுதியிருப்பது தெளிவில்லை, 'ஓரல் இன்ஃபெக்ஷன்' என்று மட்டும் இருக்கிறது, ஆனால் செய்தது சீழ் எடுப்பு என்றால் டாக்டரிடம் விளக்கம் கேட்டு க்வெரி போடுங்கள். 'இது பெரிஏபிகல் ஆப்செஸ்தானே?' என்று கேட்காதீர்கள், அது பதிலை நாமே ஊட்டுவது. பரிசோதனையில் இருப்பதை எடுத்துச் சொல்லி, பல் வேர்ச் சீழ், பெரியடான்டல் சீழ், வாயின் மெல்லிய திசுச் சீழ், வேறு ஏதாவது, தீர்மானிக்க முடியவில்லை என்று தெரிவுகளைக் கொடுத்துக் கேளுங்கள்.

இவ்வளவு பல் கேஸ் எமர்ஜென்சிக்கு ஏன் வருகிறது என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். பெரும்பாலும் முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரில் வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. பல் இன்சூரன்ஸ் அங்கே தனியாக எடுக்க வேண்டும், எடுக்க முடியாதவர்கள் ஏராளம். எமர்ஜென்சி வாசலுக்கு வந்தவரைப் பணம் இல்லை என்று பரிசோதிக்காமல் அனுப்பக் கூடாது என்று 1986-இல் சட்டம் வந்தது. அதனால் பல் டாக்டரிடம் போக வழியில்லாதவர் வலி பொறுத்துப் பொறுத்து, கன்னம் வீங்கிய பிறகு அங்கே வருகிறார். உங்கள் 34 வயதுக்காரர் நான்கு நாள் காத்திருந்ததற்குக் காரணம் என்ன என்று சார்ட்டில் இருக்காது. சார்ட்டைத் திறக்கும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வேன் நான். அப்படி நினைத்தால் பரிசோதனைக் குறிப்பைத் தாண்டிப்போக மனம் வராது.

சரி, மறுப்பு. மூன்று எரரையும் ஏற்றுக்கொண்டே எழுதுங்கள். "கே04.7 சரி, ஏற்றுக்கொள்கிறேன். கே12.2-இன் கீழே உள்ளது எக்ஸ்க்ளூட்ஸ்2 குறிப்பு, எனவே இரண்டும் தனித்தனியாக இருந்தால் சேர்த்துப் போடலாம் என்று புரிந்துகொள்கிறேன். கமெண்ட்டைத் திருத்த முடியுமா? பெனிசிலின் அலர்ஜிக்கு இசட்88.0 சேர்க்க வேண்டுமா என்றும் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். டேபுலர் (கோட் எண் வரிசைப்) பக்கத்தின் அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்துவிடுங்கள். உங்கள் ஸ்கோர் இதனால் ஏறாது, ஒருவேளை இசட்88.0-ஐ விட்டதற்கு நான்காவதாக ஒரு எரர் கூட விழலாம். இருந்தாலும் எழுதுங்கள். அந்த கமெண்ட் திருத்தப்படாவிட்டால், உங்கள் டீமில் அடுத்த மாதம் நிஜமான சப்மேன்டிபுலர் ஆப்செஸ் சார்ட் ஒன்று வரும்போது யாரோ ஒருவர் கே12.2-ஐ விட்டுவிடுவார்.

பதில் என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.